முறைப்பாட்டுக் கடிதத்தில் ‘வெட்கம்’ என்று எழுதலாமா?

பாலைப்பழம் (கிளிநொச்சி)

வணக்கம். தமிழ் படிச்ச ஆக்களிட்ட ஒரு சொல்லைப் பற்றிக் கேக்க வேணும். இது சும்மா அறியிற ஆசையில கேக்கிற கேள்வி இல்லை. ஒரு மனிசியின்ர கடிதம் இந்தச் சொல்லில வந்து நிக்குது. வாற கிழமை பிரதேச செயலகத்தில குடுக்க வேணும், பொலிசுக்கும் ஒரு பிரதி போகுது.

எங்கட ஊர் மாதர் சங்கத்தில எழுத்து வேலை எல்லாம் நான்தான் பாக்கிறன். காணிக் கடிதம், வீட்டுத்திட்ட மேன்முறையீடு, கிராம அலுவலருக்குக் குடுக்கிற விண்ணப்பம் எண்டு ஆக்கள் வந்து சொல்லுவினம், நான் கேட்டு எழுதுவன். அவையின்ர வாய்ச்சொல்லைக் கூடினவரைக்கும் மாத்திறதில்லை. மாத்தினா அது என்ர கடிதமாப் போயிடும்.

இந்த மனிசியின்ர வீட்டுக்காரர் 2009 இல மாத்தளனில செல் பட்டு மோசம் போனவர். செட்டிகுளம் முகாமில இருந்து வந்து, தகரக் கொட்டிலில தொடங்கி, தனிய நிண்டு மூண்டு பிள்ளையளை வளத்தவ. கறவை மாடு வாங்கக் குழுவாச் சேர்ந்து நுண்கடன் எடுத்தவ. மழை பொய்ச்சுது, புல்லு இல்லை, பால் வத்திப் போச்சு. தவணை பிந்திப் போச்சு. காசு அறவிட வாற பெடியன் ஒரு நாள் பின்னேரம் வந்து படலையடியில மோட்டார் சைக்கிளை விட்டிட்டு, முத்தத்தில கதிரையைத் தானே எடுத்துப் போட்டு இருந்திட்டான். பொழுது பட்டும் எழும்பேல்லை. குழுவில இருக்கிற மற்றப் பொம்பிளையளையும் கூப்பிட்டு அவவுக்கு முன்னால இருத்தி வைச்சுக்கொண்டு, “சோறு தின்னேலுது, காசு கட்ட ஏலாதோ? வெக்கம் ரோசம் ஒண்டும் இல்லையோ?” எண்டு கேட்டிருக்கிறான். உயர்தரம் படிக்கிற மகள் உள்ளுக்க இருந்து முழுக்கக் கேட்டது.

இதெல்லாம் சொல்லிப்போட்டு அந்த மனிசி சொன்ன வசனம் இது: “எனக்கு வெக்கமாப் போச்சு, பிள்ளை. உதை எழுது.”

எழுத்துத் தமிழில அது ‘நான் வெட்கமடைந்தேன்’ எண்டுதான் வரும். அதை வைச்சுப் பாக்கப் பாக்க எனக்கு மனம் ஒப்பேல்லை. அலுவலகத்தில இருந்து வாசிக்கிற ஆள் இவவைக் காணாத ஆள். வெட்கப்படுற மாதிரி என்னவோ செய்திருக்கிறா எண்டெல்லோ அவருக்குப் படும்? வெட்கப்பட வேண்டியவன் கதிரையில இருந்தவன். சொல் என்னடா எண்டா இவவில போய் ஒட்டுது.

எங்கட பக்கத்தில இந்தச் சொல் எப்பிடிப் புழங்குது எண்டும் சொல்லிவிடுறன். சின்னப்பிள்ளை புது ஆக்களைக் கண்டு தாயின்ர சீலைக்கு ஒளிச்சா, “அவனுக்கு வெக்கம்” எண்டுவம். சாமத்தியப்பட்ட பிள்ளைக்கும் வெக்கம், புது மாப்பிளைக்கும் வெக்கம். அதெல்லாம் வடிவான வெக்கம், சொல்லேக்க சிரிச்சுக்கொண்டு சொல்லுவம். அதே சொல்லோட ‘கெட்ட’ சேந்தா பேச்சு. வெக்கங்கெட்டவன் எண்டா கூடாததைச் செய்துபோட்டுத் தலை நிமிந்து திரியிறவன். ஆக, வெக்கம் இருக்கிறது நல்லது, இல்லாதது கூடாது. அப்ப இந்த மனிசி பட்டதுக்கு என்ன பேர்?

‘அந்தரமாக் கிடந்துது’ எண்டு சொல்லலாம், ஆனா அது காணாது. விருந்தாளி வர வீட்டில தேத்தூள் இல்லாட்டிலும் அந்தரம்தான். ‘சந்தி சிரிச்சுப் போச்சு’ எண்டு பக்கத்து வீட்டு அக்கா சொன்னா. அது ஊர் பாத்ததைச் சொல்லுது, ஆர் செய்தது எண்டு சொல்லேல்லை. அவவின்ர தாய்க்கிழவி சொன்னது இன்னொண்டு: “எளியதுகளை நடத்திற மாதிரி என்ர பிள்ளையை நடத்திப்போட்டான்.” கிழவி சொன்னதுதான் என்னைச் சுட்டது. ஆனா அதை எழுத ஏலாது. எங்கட பக்கம் ‘எளிய’ எண்டுறது சாதி பிரிச்சு ஆக்களைத் தாழ்த்தப் பாவிச்ச சொல். ஒருத்தியின்ர மரியாதையைக் காப்பாத்த இன்னொரு சனத்தை இழிக்கிற சொல்லை நான் எழுத மாட்டன்.

என்ன சொல்லைப் போடலாம்? பழந்தமிழில இதுக்கெண்டு ஒரு சொல் தனிய இருந்ததோ?

---

வைகைக்கரை (மதுரை)

அக்கா, படிச்சதும் மனசு கனத்துப் போச்சு. எங்க ஊர்ல இதுக்கு நேரா “அசிங்கப்படுத்திட்டாங்க” அப்படின்னுதான் சொல்வாங்க. நாலு பேர் முன்னாடி ஒருத்தரைத் தலைகுனிய வச்சா அசிங்கப்படுத்துறது. செஞ்சவன் யாருங்கிறதும் அதுலயே வந்துடுது. “கேவலப்படுத்திட்டான்”னும் சொல்லலாம்.

‘எளிய’ங்கிற சொல் உங்க பக்கம் இப்படி இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. எங்களுக்கு அது எளிய மனிதர், எளிய வாழ்க்கைன்னு மரியாதையான சொல்.

---

பாலைப்பழம் (கிளிநொச்சி)

நன்றி தம்பி. ஆனா ‘அசிங்கப்படுத்தினான்’ எண்டு இஞ்ச ஒரு பொம்பிளை பொலிசுக்கு எழுதினா, அவன் கை வைச்சிட்டான் எண்டு விளங்கிப்போடுவினம். எங்களுக்கு அசிங்கம் எண்டா ஊத்தை, இல்லாட்டி ஆபாசம். பிறகு அந்தப் பிள்ளையையும் சேத்து ஊர் கதைக்கும். ‘கேவலப்படுத்தினான்’ இஞ்சயும் இருக்கு, அதை மனதில வைச்சிருக்கிறன்.

---

குளக்கட்டு (ஒட்டுசுட்டான்)

மகள், நான் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன். நீங்கள் கேட்ட பிரிவு தமிழில் மிகப் பழைய பிரிவு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குறளில் இதற்கு இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. 97 ஆவது மானம், 102 ஆவது நாணுடைமை. இரண்டும் ஒன்றல்ல. நாணுடைமையின் முதற் குறளே, “கருமத்தால் நாணுதல் நாணுத் திருநுதல் நல்லவர் நாணுப் பிற” என்று தொடங்குகிறது. கருமம் என்றால் செயல். தகாத செயல் செய்ய உள்ளம் கூசுவதுதான் நாண். பெண்களின் இயல்பான நாணம் வேறு வகை என்று வள்ளுவரே பிரித்துவிடுகிறார். நீங்கள் சொன்ன சின்னப்பிள்ளையின் வெக்கமும் புது மாப்பிள்ளையின் வெக்கமும் அந்தப் ‘பிற’ என்பதற்குள் போய்விடும். ‘வெக்கங்கெட்டவன்’ என்பது கருமத்தால் நாணாதவன். ஆகவே கருமத்தால் வரும் நாண் முதலில் செய்கிறவனுக்கு உரியது.

அந்தத் தாய் பட்டது நாண் அல்ல. அதற்குப் பழைய பெயர் இளிவரல். இளி, இளிவு, இளிவரவு என்றெல்லாம் வரும். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உள்ளத்து உணர்வு வெளியே தெரியும் வகைகளில், மூன்றாவது அது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அது எவற்றால் வரும் என்றும் சொல்லியிருக்கிறார்: “மூப்பே பிணியே வருத்தம் மென்மையோடு யாப்புற வந்த இளிவரல் நான்கே.”

அந்த நான்கையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். முதுமை, நோய், துன்பம், வலிமையின்மை. இவற்றில் எதுவும் குற்றம் இல்லை. தவறு செய்ததால் இளிவரல் வரும் என்று தொல்காப்பியர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இயலாமையில் இருக்கிற மனிதனைப் பிறர் தாழ்வாகப் பார்க்கும்போது, அல்லது பார்ப்பார்களோ என்று நினைக்கும்போது, அவன் உள்ளத்தில் எழுவது அது. மழை பொய்த்த வருத்தம், துணையில்லாத மென்மை. அந்தத் தாயின் நிலை அப்படியே அங்கே இருக்கிறது.

குறள் 1066 ஐயும் இங்கே சேர்க்க வேண்டும். “ஆவிற்கு நீரென்று இரப்பினும் நாவிற்கு இரவின் இளிவந்தது இல்.” தாகத்தில் நிற்கும் பசுவுக்குத் தண்ணீர் தாருங்கள் என்று கேட்பது அறம். அப்படிக் கேட்டாலும் கேட்கிற நாவுக்கு அதைப் போல இளிவு இல்லை என்கிறார். குளம் வற்றிய ஆண்டில் மாட்டுக்காகக் கடன்பட்ட வன்னிப் பெண்ணுக்கு இந்தக் குறளை யாரும் உரை சொல்லி விளக்க வேண்டியதில்லை.

மானம் உயிரினும் பெரிது என்பதை 969 சொல்லும்: “மயிர்நீப்பின் வாழாக் கவரிமா அன்னார் உயிர்நீப்பர் மானம் வரின்.”

‘இளிவரல்’ என்று எழுதினால் இன்று அலுவலகத்தில் எவருக்கும் விளங்காது. அதன் இன்றைய உறவு ‘இழிவு’ என்று கொள்ளலாம். ‘இழிவுபடுத்தினார்’ என்று எழுதுங்கள்.

---

நந்திக்கடல் (முல்லைத்தீவு)

மாஸ்டர், உங்களில மரியாதை வைச்சுத்தான் சொல்லுறன், அந்தக் கவரிமான் குறளை இந்த இடத்தில சொல்லாதேங்கோ.

நானும் இந்தக் குழுக்கடனுக்குள்ள கிடந்து வந்தவள். எங்கட பக்கத்தில இந்தக் கடனால உயிரை விட்ட பொம்பிளையள் இருக்கினம். காசு கட்ட வழி இல்லாமல் மட்டும் அவையள் போகேல்லை. காசு எப்பிடியும் பிந்தி எண்டாலும் கட்டுப்படும். கூட இருந்த பொம்பிளையளின்ர முகத்தில முழிக்க ஏலாமல் போனதுகள். ஒருத்தி கட்டாட்டி மற்றவள் கட்ட வேணும் எண்டதுதான் குழு. அதால அறவிட வாறவன் சத்தம் போடத் தேவையில்லை, எங்களையே வைச்சு எங்களை இருத்தி எழுப்புவான். நேற்று வரைக்கும் ஒரு கிணத்தில தண்ணி அள்ளினவள் இண்டைக்கு என்ர முத்தத்தில முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பாள். அவளையும் நான் பிழை சொல்ல மாட்டன், அவளிட்டயும் காசு இல்லை.

இந்த நிலையில நிக்கிறவளிட்டப் போய் மானம் வந்தா உயிரை விடுவினம் எண்டு சொல்லக் கூடாது. அவளுக்கு மானம் போகேல்லை. அவளின்ர மானத்தில ஒருத்தன் கை வைச்சிருக்கிறான். இது ரெண்டும் வேற.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு எவ்வளவு சனம் போகுது. கோவலன் கூத்தை முல்லைத்தீவில பாக்காத ஆள் இல்லை. அங்க நாங்கள் கும்பிடுறது வெக்கப்பட்டு வீட்டுக்க மூடிக்கொண்டு இருந்த மனிசியை இல்லை. அநியாயம் செய்தவன்ர சபைக்குப் போய், செய்தது நீ எண்டு சொன்ன மனிசியை. வெக்கத்தில உயிர் விட்டது ராசா. அவன் விட்டது சரி, பிழை செய்தவன் அவன்.

தங்கச்சி பாலைப்பழம், அந்த மனிசியைத் தனிய விடாதேங்கோ. கடிதம் குடுக்கப் போகேக்க கூடப் போங்கோ. மகளோடயும் கதையுங்கோ.

---

குளக்கட்டு (ஒட்டுசுட்டான்)

பிள்ளை கேட்டபடி அந்தக் குறளை இந்தப் பேச்சிலிருந்து எடுத்துவிடுவோம். அதே நாணுடைமை அதிகாரத்தில் இருக்கிற வேறொன்று இங்கே பொருந்தும். “பிறர்பழியும் தம்பழியும் நாணுவார் நாணுக்கு உறைபதி என்னும் உலகு.” தனக்கு வரும் பழிக்கு மட்டுமல்ல, பிறருக்கு வரும் பழிக்கும் நாணுகிறவன்தான் நாணுக்கு வீடு போன்றவன். அந்த முற்றத்தில் நடந்ததைக் கேட்டு நாங்கள் எல்லோரும் கூசுகிறோமே, அதற்கும் வள்ளுவர் இடம் வைத்திருக்கிறார்.

கண்ணகி கதையையும் சரியான இடத்தில் கொண்டுவந்தீர்கள். “யானோ அரசன் யானே கள்வன்” என்று பாண்டியன் சொன்னது கருமத்தால் நாணியது. நாண் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

கடிதத்துக்கு உதவுகிற இலக்கணக் குறிப்பொன்று. ‘வெட்கப்பட்டேன்’, ‘அவமானப்பட்டேன்’, ‘அவமானமடைந்தேன்’ என்று முடிக்கும்போது வாக்கியத்தில் இருப்பது நான் மட்டும். செய்தவனைச் சொல்லாமலே வாக்கியம் நிறைவடைந்துவிடும். ‘அவமானப்படுத்தினார்’ என்று பிறவினையாக்கினால் யார் என்ற கேள்வி உடனே எழும், எழுவாய் வைத்தே ஆக வேண்டும். சொல்லைத் தேடுவதோடு வினையின் முடிவையும் கவனியுங்கள். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

---

ஓமந்தைச் சந்தி (வவுனியா)

நான் அலுவலகங்களில மொழிபெயர்ப்பு வேலை செய்யிறன். ரெண்டு விசயம் சொல்லவேணும்.

பொலிசுக்குப் போற பிரதி சிங்களத்துக்கு மாற வாய்ப்பிருக்கு. ‘வெட்கம்’ எண்டு எழுதினா ‘லஜ்ஜாவ’ எண்டு போகும். அது முழுக்க அவவின்ர மனநிலை, முறைப்பாடு இல்லை. ‘அவமானப்படுத்தினார்’, ‘இழிவுபடுத்தினார்’ எண்டா ‘நிந்தா’, ‘அபஹாச’ பக்கம் போகும். அங்க செய்த ஆள் ஒருத்தர் வந்திடுவார். பாலைப்பழம் அக்கா பயந்தது நியாயம்தான், மொழிபெயர்ப்பில அது இன்னும் மோசமாகும்.

மற்றது, ‘மானநட்டம்’ எண்ட சொல்லை ஆரும் எடுத்துத் தந்தா பொலிஸ் முறைப்பாட்டில போடாதேங்கோ. அவதூறைக் குற்றமாப் பாத்த சட்டத்தை இலங்கையில 2002 இல எடுத்துப்போட்டாங்கள். இப்ப அது குடியியல் வழக்கு, நட்டஈடு கேக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையில இருக்கிறது ‘வேண்டுமென்றே அவமதித்தல்’, ‘அச்சுறுத்தல்’ மாதிரியான குற்றங்கள். ‘அவமதித்தல்’ எண்ட சொல்லும் அதால பிரயோசனமானது. நுண்நிதிக்கு 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டம் எண்டு ஒண்டும் கொண்டுவந்தவை. ஆனா எந்தப் பிரிவு எண்டு நீங்கள் எழுதப் போகாதேங்கோ, அது அவையின்ர வேலை. அவன் வந்த நேரம், போன நேரம், இருந்த ஆக்கள், சொன்ன வசனம் சொன்னபடி. இவ்வளவும் இருந்தா எந்தச் சொல்லைப் போட்டாலும் அதுக்குக் கீழ நிலம் இருக்கும்.

---

பாலைப்பழம் (கிளிநொச்சி)

எல்லாருக்கும் நன்றி. மாஸ்டர் சொன்ன அந்த நாலையும் எழுதிக் கொண்டுபோய் மனிசிக்கு வாசிச்சுக் காட்டினன். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. அவ திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டா. பிறகு, “அப்ப நான் செய்த பிழை எண்டு ஒண்டும் அதில இல்லையோ?” எண்டா. இல்லை எண்டன்.

அவவின்ர சொல்லை மாத்திறதுக்கு எனக்கு உரிமை இல்லை எண்டு முதலிலேயே சொன்னன். அதால சொற்களை அவவுக்கு முன்னாலயே வைச்சன். ‘இழிவுபடுத்தினார்’ வேண்டாம் எண்டிட்டா. அவன் சொன்னதால நான் இழிஞ்சு போகேல்லை எண்டது அவவின்ர கதை, மறுக்க எனக்கு ஒண்டும் இருக்கேல்லை. ‘கேவலப்படுத்தினார்’ வீட்டில கதைக்கிறதுக்குச் சரி, கந்தோருக்குச் சரிவராது எண்டா. ‘அவமானப்படுத்தினார்’ எண்டதுக்குத் தலையாட்டினா. ஆனா ‘வெக்கம்’ எண்ட சொல்லை முழுக்க எடுக்க அவவுக்கு மனமில்லை. தான் அண்டைக்குப் பட்டது அதுதான், அதை ஏன் மறைப்பான் எண்டு கேட்டா. நியாயமான கேள்வி. அந்தச் சொல்லை எங்க வைக்கிறது எண்டுதான் ரெண்டு பேரும் கனநேரம் இருந்து யோசிச்சம். கடைசியா எழுதினது இது:

“மேற்படி நபர் எனது வீட்டு முற்றத்தில் பிற்பகல் 4.30 மணி முதல் இரவு 7.15 மணி வரை, நான் பல தடவை எழுந்து செல்லுமாறு கேட்டும் செல்லாது அமர்ந்திருந்து, எனது அயலவர்கள் முன்னிலையிலும் எனது மகள் கேட்கும்படியாகவும் ‘சோறு தின்னேலுது, காசு கட்ட ஏலாதோ, வெக்கம் ரோசம் ஒண்டும் இல்லையோ’ என்று கூறி என்னை அவமானப்படுத்தினார். நான் வெட்கப்படத்தக்க எதனையும் செய்யவில்லை. கடனைக் கட்டமாட்டேன் என்று ஒருபோதும் கூறவில்லை. தவணைக்கு அவகாசம் மட்டுமே கேட்டேன்.”

‘நான் வெட்கப்படத்தக்க எதனையும் செய்யவில்லை’ எண்ட வசனம் முழுக்க அவவின்ரது. நான் ‘தக்க’ எண்டதை மட்டும் சேத்தன்.

குழுவில இருந்த ரெண்டு பேர் சாட்சிக்குக் கையெழுத்து வைக்க ஓம் எண்டிருக்கினம். மற்றவைக்குப் பயம், அடுத்த தவணை அவைக்கும் வருது. நான் வற்புறுத்தேல்லை.

---

நந்திக்கடல் (முல்லைத்தீவு)

வடிவா இருக்கு தங்கச்சி. சாட்சி வைக்கிற ரெண்டு பேரின்ர அடையாள அட்டை இலக்கத்தையும் கையெழுத்துக்குக் கீழ எழுதுவியுங்கோ. பிரதேச செயலகத்தில குடுக்கேக்க உங்கட பிரதியில திகதி முத்திரை குத்தி வாங்காமல் வெளிக்கிடாதேங்கோ. எங்கட கடிதம் ஒண்டு அப்பிடி வாங்காமல் விட்டதால வந்ததே இல்லை எண்டு சொல்லிப்போட்டினம். தவணைப் புத்தகத்தையும் கட்டின பக்கம் எல்லாம் போட்டோக்கொப்பி அடிச்சு இணையுங்கோ, அவ இவ்வளவு நாளும் ஒழுங்காக் கட்டினவ எண்டது அதில தெரியும்.

வியாழக்கிழமை நான் கிளிநொச்சிக்கு வாறன். எத்தினை மணிக்குக் குடுக்கப் போறீங்கள் எண்டு தனிமடலில சொல்லுங்கோ, நானும் வந்து நிக்கிறன்.